கேத்தல் என் கைக்கு வந்த காலை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பெரும்பாலும் கையொப்பம் போடத்தான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இன்றைக்கும் சந்தேகம். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய விரல்கள் பேனாவையும் அதே இறுக்கத்தோடு பிடிக்கின்றன. தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் இல்லை. எனக்கு வார்த்தை வந்து சேருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் வாயால் சொல்ல முடியாமல் போனதை எழுதிப் பார்க்கிறேன்.

குடும்பத்தோடு இருப்பது கொட்டாஞ்சேனையில். பன்னிரண்டு வருடமாக வேலை வெள்ளவத்தையில். காலையில் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதி வழியாக இன்னொரு பஸ். இறங்கிக் கடல் பக்கம் போகும் ஒழுங்கையில் நடந்தால் கடைசி வீடு ஐயாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடம் ஒரு குளிர் நாட்டில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வந்து, மனைவியோடு அந்த வீட்டில் இருக்கிறார். வீட்டுப் பாவனைக்கு ஒரு வேன் உண்டு. ஆனால் என்னை அவர் வேலைக்கு வைத்தது வேனுக்காக இல்லை.

கராஜில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட். கரும்பச்சை நிறம். தலைக்கு மேலே தகரக் கூரை கிடையாது, மடக்கக்கூடிய கித்தான் ஹூட் மட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடும். கொழும்பு வீதியில் ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அதற்குத் தெரியும். அந்தக் காரை ஐயா யாரோ ஒரு தோட்டத்து துரையின் பிள்ளைகளிடமிருந்து வாங்கினார். வாங்கிய வாரமே என்னிடம் சாவியைத் தந்து, "தம்பி, இதில ஒரு கீறல் விழக்கூடாது. விளங்கிச்சுதே?" என்றார்.

பதினொரு வருடம் ஒரு கீறல் விழவில்லை. படிப்பு, காணி, உறவுக்காரர் பலம் எதுவும் இல்லாதவனுக்கு அதுதான் பெயர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் டிரைவர்மார் என்னைக் காட்டி, "அந்தப் பச்சைக் காரை வைத்திருக்கிறவர்" என்பார்கள். வைத்திருக்கிறவர் என்றால் சொந்தக்காரர் இல்லை, பார்த்துக்கொள்கிறவர். அப்படி ஒருவர் சொல்லிக் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுவதும் எனக்கு நடை வேறு மாதிரி இருக்கும்.

கொழும்பில் அந்தக் காருக்கு எதிரி கடல். வைகாசியிலிருந்து காற்று கடலைத் தூக்கிக்கொண்டு வரும். காலையில் பொனட்டில் விரலை வைத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் அந்த உப்பே மணல்தாள்போலப் பெயின்டைத் தேய்த்துவிடும். அதனால் முதலில் பைப் தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட வேண்டும், பிறகுதான் துணி. டயர் சில்லுகளுக்கு உள்பக்கம் குனிந்து பார்த்து உப்பைக் கழுவ வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெயின்ட் போனால் என் பெயர் போகும் என்ற பயம் சொல்லித் தந்தது.

தை மாதத்தில் எதிரி வேறு. பழைய கார் வைத்திருக்கும் எட்டு ஒன்பது பேர், எல்லாரும் ஐயாவின் சினேகிதர்கள், ஒவ்வொரு வருடமும் தை முதல் கிழமையில் நுவரெலியாவில் ஒரு பங்களாவை எடுத்து மூன்று நாள் தங்குவார்கள். கார்களைப் புல்வெளியில் வரிசையாக விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்த மாதத்தில்தான் அங்கே விடியப்புறம் உறைபனி விழும். புல் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா மரக்கறிப் பாத்தியில் வேலை செய்தார். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறுவதற்குள் இலைகளில் பச்சைத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். விட்டால் இலை நெருப்பில் காட்டியதுபோலக் கருகும். பச்சைத் தண்ணீர்தான். சூடு காட்டினால் செடி செத்துப்போகும்.

அதையே காருக்கும் செய்தேன். சாயங்காலமே காரைப் புல்வெளியிலிருந்து எடுத்துச் சமையலறைச் சுவர் ஓரமாக விடுவேன். அந்தச் சுவரில் கொஞ்சம் சூடு நிற்கும். முன் கண்ணாடியிலும் பொனட்டிலும் சுத்தமான சாக்கு, அதற்கு மேலே தார்ப்பாய்ப் படங்கு. சாக்கில்லாமல் படங்கைப் போட்டால் பனியில் அது பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் உரியும். வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்துவேன். ஹூட்டை வெயில் நன்றாக ஏறும் வரைக்கும் மடக்க விடமாட்டேன். குளிரில் அதன் பின்பக்கத்து பிளாஸ்டிக் கண்ணாடி அப்பளம்போல உடையும்.

களனியிலிருந்து வரும் சிங்கள டிரைவர் ஒருவர், என்னைவிட மூத்தவர், என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். நான் சாக்குப் போர்த்துவதைப் பார்த்து, "மல்லி, உங்க கார் நோனா மாதிரிதானே, போர்வை இல்லாட்டி தூங்காது!" என்பார். நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி; எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது நல்ல சிரிப்பு.

இனி ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். ஐயாவுக்கு மலை வளைவுகளில் ஓட்டப் பயம்.

முதல் வருடம் அவரே ஓட்டிக்கொண்டு போனார். இறம்பொடையில் மூன்றாவது வளைவில் காரை நடுவீதியில் நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் கொஞ்சம் காரை ஓடும். எனக்கு வெயில் கண் கூசுது."

அன்றைக்கு மேகம் மூடி, பத்து அடி முன்னால் தெரியவில்லை. நான் இறங்கிப்போய் மற்றப் பக்கம் ஏறினேன். லபுக்கலைக்கு மேலே ஒரு தேநீர்க்கடை வந்ததும், "நிப்பாட்டும்" என்றார். அங்கே சீட் மாறிக்கொண்டோம். அதற்குப் பிறகு பெரிய வளைவு இல்லை. பங்களா வாசலுக்கு அவர் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். சினேகிதர்கள் கை தட்டினார்கள். "இந்த றோட் என்ன றோட்? நான் ஸ்னோவுக்குள்ள கார் ஓடினவன்!" என்றார்.

ஒவ்வொரு வருடமும் அப்படியே நடந்தது. போகும்போது அந்தக் கடையில் அவர் ஸ்டியரிங் பக்கம் வருவார். திரும்பும்போது அதே கடையில் நான் போவேன். கடைக்காரருக்குக்கூடப் பழகிவிட்டது. இது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒரு மனிதரின் பயத்தை நான் மட்டும் அறிந்து வைத்திருப்பது என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாக உணர வைத்தது. என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

போன வருடம் தை மாதம். இரண்டாம் நாள் விடியற்காலை பனி மற்ற வருடங்களைவிடக் கடுமையாக விழுந்திருந்தது. ஐயா சீக்கிரமே எழுந்து, கம்பளித் தொப்பியோடு வெளியே வந்தார். சூரியன் எழும்பும்போது ஏரிப் பக்கம் காரை விட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். படங்கையும் சாக்கையும் தானே இழுத்துப் போட்டுவிட்டார். நான் ஓடி வந்தபோது கண்ணாடி வெறுமனே நின்றது. அந்தக் குளிர் காற்றில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் பால்போலப் பனி படிந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. நான் பின்னால பைப்புல பச்சத்தண்ணி புடிச்சிக்கிட்டு வாரேன். அஞ்சு நிமிசத்துல போயிரும்."

"கெதியா வாரும். வெளிச்சம் போயிடும்."

பைப்பும் உறைந்ததுபோல நூலாகத்தான் ஓடியது. வாளி பாதி நிறைந்திருக்கும். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த மூங்கில் வெடிப்பதுபோல 'டக்' என்று ஒன்று. வாளியை வைத்துவிட்டு ஓடினேன்.

ஐயா காருக்கு முன்னால் நின்றார். கையில் சமையலறையில் வெந்நீர் வைக்கும் கேத்தல். அதன் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு ஓடி, நடுவில் கிளை விட்டிருந்தது. நான் பார்க்கும்போதே ஒரு கிளை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

சத்தம் கேட்டு மற்றவர்கள் தேநீர்க் கோப்பைகளோடு விறாந்தைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டிரைவர்மாரும் வந்தார்கள். ஐயா தலையை மட்டும் திருப்பி அவர்களைப் பார்த்தார்; அவருடைய முதுகு அவர்களுக்குக் கேத்தலை மறைத்தது. பிறகு என்னைப் பார்த்தார். கேத்தலை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

இதை எத்தனை தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாளி ஒரு பொருளை நீட்டினால் கை தானாகப் போகும். குடை, பை, மருந்துப் போத்தல், சாவி, எதுவானாலும். பதினொரு வருடப் பழக்கம். மூளை கேள்வி கேட்பதற்குள் கை வாங்கிவிட்டது. கைப்பிடி சுட்டது, அப்படியும் விடவில்லை.

"எத்தனை தரம் உனக்குச் சொன்னனான்!" ஐயா விறாந்தைக்குக் கேட்கும்படி கத்தினார். "ஐஸ் பிடிச்ச கண்ணாடிக்குக் கொதிதண்ணி ஊத்தாத எண்டு! மடையன்!"

பதினொரு வருடமாக என்னை நீர் என்று கூப்பிட்டவர் அவர்.

விறாந்தையிலிருந்து ஒருவர், "அட கடவுளே. இவங்களுக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். இன்னொருவர், "நீங்கள் பக்கத்தில நிண்டு பார்த்திருக்க வேணும்" என்று ஐயாவுக்கு ஆறுதல் சொன்னார். இருபது வருடம் பனிக்குள் வாழ்ந்தவர் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவார் என்று யார் நம்புவார்கள்? கேத்தலோ என் கையில் இருக்கிறது.

களனி டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போலும். நான் கேத்தலைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

மறுநாள் திரும்பும்போது வழக்கம்போல அந்தக் கடையில் சீட் மாறினோம். உடைந்த கண்ணாடி அதிரக்கூடாது என்று ஆமைபோல ஓட்டினேன். எதிரே வரும் வீதி அந்தக் கோட்டால் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. புசல்லாவையைத் தாண்டினோம். பிறகு கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நான் அங்க ஒரு நாளும் கார் ஓடினதில்லை. லைசன்ஸ் எடுக்கவே இல்லை. வேலைக்கு ட்ரெயின்ல போய் ட்ரெயின்ல வந்தனான். இவங்களுக்கு அது தெரியாது."

நான் கியர் மாற்றினேன்.

"அந்த நேரம் எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல. நீர் ஒண்டும் மனசில வைக்காதையும். அடுத்த முறை எல்லாரும் சேரேக்க நானே சொல்லுவன். இப்ப சொன்னால் சரி வராது."

"சரிங்கய்யா" என்றேன். உண்மையாகவே நம்பினேன். வீட்டுக்குப் போனதும் குறைந்தது அம்மாவிடமாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஐயாவின் மனைவியை நான் அம்மா என்றுதான் சொல்வது. நல்ல மனுசி. அடுத்த நாள் காலையில் நான் கராஜைத் திறந்துகொண்டிருக்கும்போது தேநீரோடு வந்தார்.

"ஐயா சொன்னவர். பரவாயில்லை. தெரியாமல் செய்திட்டீர். கவலைப்படாதையும்."

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாது. தேநீரைக் குடித்தேன்.

புதுக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர எட்டு மாதம் சென்றது. அந்த எட்டு மாதமும், கடல் காற்று அடித்த காலம் முழுவதும், உடைந்த கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்டி, தினமும் உப்புக் கழுவினேன். தினமும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். வெள்ளவத்தைச் சந்தியில் வேனை நிறுத்தினால் தெரிந்த டிரைவர்மார், "என்ன அண்ணே, கேத்தல் கொண்டாரலையா?" என்று கேட்டார்கள். கதை மலையிலிருந்து எனக்கு முன்னாலேயே இறங்கி வந்துவிட்டது. நான் தை மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன அடுத்த முறையை.

இந்த வருடம் போனோம். கடையில் சீட் மாறும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். "ஞாபகம் இருக்குதானுங்களே, ஐயா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நினைவூட்டினால் அவர் சொல்வதற்கு மதிப்பில்லாமல் போகும் என்று தோன்றியது.

"ஆ! கேத்தல் மல்லி வந்தாச்சு!" என்று களனி டிரைவர் வாசலிலேயே வரவேற்றார். போன வருடம் நோனா என்று சிரித்த அதே மனிதர். இன்னொருவர், "தேத்தண்ணிய இவருக்கு ஆற வச்சுக் குடுங்கப்பா" என்றார். நாளைக்கு இந்தப் பேர் போய்விடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் புல்வெளியில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளிச் சாக்கை உதறிக்கொண்டிருந்தேன். ஐயா கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

"போன வருசம் இந்தக் கண்ணாடிக்கு நடந்தது பற்றி ஒரு விஷயம் சொல்ல வேணும்."

சாக்கு என் கையில் அப்படியே நின்றது. காது இரண்டும் சூடாகிவிட்டன. சொல்லட்டும், அதற்குப் பிறகு நான் தலையைக் குனிந்துகொண்டு என் வேலையைப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

"நான் தொப்பி எடுக்க உள்ள போனனான். ஒரு நிமிசம்தான். திரும்பி வந்து பார்த்தால் எங்கட ஆள் கேத்தலைத் தூக்கிக்கொண்டு, கோயில்ல அபிஷேகம் செய்யிற மாதிரி..." என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் கேத்தலை உயர்த்தி ஊற்றுவதுபோல நடித்துக் காட்டினார். "நான் கத்துறன், நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு. இவன் மந்திரம் சொல்லி முடிச்சிட்டுத்தான் பார்க்கிறான்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயாவும் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "என்ன, சரிதானே?" என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன்.

போன வருடம் அவர் பயத்தில் செய்தார். அதை நான் ஏறக்குறைய மன்னித்திருந்தேன். இந்த வருடம் யாரும் அவரைக் கேட்கவில்லை. கண்ணாடி புதிதாக, நன்றாக இருந்தது. அந்தக் கதையை அவர் யோசித்து, அபிஷேகம் வரைக்கும் ஜோடித்து, கொண்டு வந்திருந்தார். ஒரு வருடம் நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

ஆனாலும் சாக்கையும் படங்கையும் ஒழுங்காகப் போர்த்தினேன். வைப்பரைத் தூக்கி வைத்தேன். அடுத்த இரண்டு காலையிலும் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பனியைக் கழுவினேன். கார் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே.

மூன்றாம் நாள் கிளம்பினோம். ஐயா சினேகிதர்களுக்குக் கை காட்டிக்கொண்டே ஓட்டி, கடைக்கு முன்னால் நிறுத்தி, சாவியை என்னிடம் தந்துவிட்டு இறங்கி மற்றப் பக்கம் வந்தார். நான் இறங்கி, என் பையை எடுத்துக்கொண்டேன்.

"ஏறும் தம்பி. மழை வரப்போகுது."

"நான் பஸ்ஸுல போறேங்கய்யா."

"என்ன விசர்க்கதை? ஏறும்."

கண்டி பஸ் மேலே இருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. எனக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஸ்னோ, ட்ரெயின், லைசன்ஸ், கேத்தல். வாயில் வந்தது வேறு.

"ரெண்டாவது கியர்லயே இறங்குங்க. நெழல் வளைவுல பாசி இருக்கு, பிரேக்க சட்டுனு மிதிக்காதீங்க. புசல்லாவைக்குக் கீழ போற வரைக்கும் ஹூட்டைத் தொறக்காதீங்க."

சாவியை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் சீட் கிடைக்கவில்லை, மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றேன். வளைவு திரும்பும்போது பார்த்தேன். கார் ஹூட் மூடியபடி கடைக்கு முன்னால் நின்றது. ஐயா இன்னும் ஏறவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறம்பொடை வளைவுகள் மேகத்துக்குள் இருந்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரை நினைத்துத்தான் கவலை வந்தது.

அது எப்படிக் கீழே வந்தது என்று எனக்குத் தெரியாது. பத்து நாளாக வெள்ளவத்தைப் பக்கம் போகவில்லை. ஐயாவும் கூப்பிடவில்லை. மட்டக்குளியில் ஒரு லொறிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். லொறிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானே அந்தக் கேத்தல்?" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நேற்று என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நெசமா சொல்லுங்க, மறதியில நீங்கதான் ஊத்திட்டீங்களா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஐயாவின் பயத்தை மூடி வைத்த அதே இடத்தில் என் பக்கத்து நியாயத்தையும் மூடி வைத்துவிட்டேன். சொல்லத் தொடங்கினேன், பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அதனால் இன்று காலையில் மகளின் கொப்பியிலிருந்து தாள் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுப்பேன்.

கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தவர் ஐயா. கண்ணாடியில் ஊற்றியவரும் அவர்தான். நான் அப்போது பின்பக்கத்துப் பைப்பில் வாளிக்குப் பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வாளி பாதி நிறைந்திருந்தது.

கொட்டாஞ்சேனை,
தை மாதம் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.